தூக்கத்திற்குத் தாதுச்சத்து மாத்திரை தேவையா?

செராஸ் வட்டாரத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கீழே இருக்கும் மருந்தகம் ஒன்றில் நுழைந்து பாருங்கள். பணம் செலுத்தும் இடத்திற்கு அருகிலேயே, நிம்மதியான உறக்கத்தைத் தரும் என்ற வாசகத்தோடு மெக்னீசியம் மாத்திரைப் புட்டிகள் வரிசையாக நிற்கும். எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் மாதங்களில் அவற்றை வாங்கிச் செல்லும் பெற்றோரும் உண்டு. பிள்ளை நள்ளிரவு வரை படிக்கிறான். படுத்தாலும் தூக்கம் வரவில்லை. காலையில் எழுப்பினால் எழுவதில்லை. என்ன செய்வதென்று அறியாத தாய், அண்டை வீட்டார் சொன்னதைக் கேட்டு ஒரு புட்டி வாங்கி வருகிறார். அவருடைய கவலை நியாயமானது. ஆனால், அவர் வாங்கும் பொருள் அந்தக் கவலைக்கு மருந்தாகுமா?

ஆகாது என்பதே என் கருத்து. உடல்நலத்தோடு இருக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர் எவரும் தூக்கத்திற்காக மெக்னீசியம் மாத்திரை உண்ணத் தேவையில்லை. அதற்காகத் தாதுச்சத்துக்கும் தூக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. தொடர்பு உண்டு. ஆனால், விளம்பரங்கள் மெக்னீசியத்தைக் காட்டும்போது, நம் நாட்டு மாணவர்கள், குறிப்பாக மாணவிகள், முதலில் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்தைத்தான்.

மெக்னீசியத்தின் பெயர் அடிபடுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. நம் உடலில் 300க்கும் மேற்பட்ட நொதிகள் செயல்பட அது வேண்டும். மூளையில் நரம்பணுக்களைத் தூண்டும் வாயில் ஒன்றை அடைத்து நின்று, அளவுக்கு மீறிய தூண்டலைத் தடுப்பதும் அதன் வேலை. ஆகவே, மெக்னீசியம் மனத்தை அமைதிப்படுத்தித் தூக்கத்தைத் தரும் என்று எண்ணத் தோன்றுவது இயல்பு. ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2012ஆம் ஆண்டில் ஈரானில் வெளிவந்த ஆய்வொன்றில், தூக்கமின்மையால் வாடிய 46 முதியவர்களில் ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் நாள்தோறும் 500 மில்லிகிராம் மெக்னீசியம் கொடுத்தார்கள். ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. 2021இல் இத்தகைய மூன்று ஆய்வுகளை ஒருசேர மதிப்பிட்டபோது, மாத்திரை உண்டவர்கள் ஏறத்தாழ 17 நிமிடம் முன்னதாக உறங்கினார்கள் என்று தெரிந்தது. மூன்றிலும் சேர்த்து 151 பேர்தாம் பங்கேற்றனர். அனைவரும் வயதில் மூத்தவர்கள். சான்றுகளின் தரம் குறைவு என்று மதிப்பீட்டாளர்களே எழுதினார்கள். பாட்டிக்குச் சிறிது பயன்பட்டிருக்கக்கூடிய ஒன்றைப் படிவம் ஐந்து பேரனுக்கு வாங்கித் தருவதற்கு இது போதுமான சான்றன்று.

இரும்புச்சத்தின் கதை வேறு. இரவில் படுத்தவுடன் கால்களுக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருப்பதாகவும், காலை அசைக்காமல் இருக்க முடியவில்லை என்றும், எழுந்து நடந்தால் சற்று அடங்குவதாகவும் சிலர் சொல்வார்கள். நம் வீடுகளில் இதைக் கால் குடைச்சல் என்போம். வளரும் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, கோடாலித் தைலம் தேய்த்துவிட்டுப் படுக்கச் சொல்வோம். ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672ஆம் ஆண்டிலேயே இத்தொல்லையைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945இல் சுவீடனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் எக்போம் இதை விரிவாக ஆராய்ந்து, 'அமைதியற்ற கால்கள்' என்று பெயரிட்டார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடத்தப்பட்ட கணக்கெடுப்பு ஒன்று, 12 முதல் 17 வயது வரையிலானோரில் நூற்றுக்கு இருவருக்கு இது இருப்பதைக் காட்டியது. ஒரு பெரிய இடைநிலைப்பள்ளியில் ஆயிரம் பேர் படித்தால், அந்தக் கணக்கின்படி இருபது பேர்.

இதற்கும் இரும்புக்கும் என்ன தொடர்பு? அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமின் என்ற பொருளை மூளை உண்டாக்க வேண்டுமானால் இரும்புச்சத்து வேண்டும். இரும்பு குறையும்போது அந்த ஒழுங்கு குலைகிறது; கால்கள் அடங்க மறுக்கின்றன; தூக்கம் துண்டு துண்டாகிறது. மறுநாள் வகுப்பில் அந்த மாணவி மேசைமேல் தலை சாய்க்கிறாள். இரவு முழுவதும் கைப்பேசியை நோண்டியிருப்பாள் என்று ஆசிரியர் எண்ணுகிறார். சோம்பேறி என்ற பெயரும் வந்துவிடுகிறது. உடலில் உள்ள ஒரு குறையைக் குணத்தின் குறையாகக் கருதுவது அநீதி. மெக்னீசியம் மாத்திரையில் பணம் வீணாவதைவிட எனக்கு இதுவே பெரிய வருத்தம்.

நம் நாட்டில் இது அரிதான நிலையன்று. சுகாதார அமைச்சு நடத்திய 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தச்சோகை இருந்தது. மாதவிடாயால் இரத்தம் இழக்கும் வளரிளம் பெண்கள், மெலிய வேண்டும் என்பதற்காகக் காலை உணவைத் தவிர்க்கும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது.

அப்படியானால் இரும்பு மாத்திரையை வாங்கி உண்ணலாமே என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது. வெளிறிய முகமும் களைப்பும் இரும்புக் குறைவால் மட்டும் வருவதில்லை. மலேசியாவில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் கணிசமாக உள்ளனர். அவர்களுடைய சிவப்பணுக்களும் சிறுத்து வெளிறியிருக்கும். ஆனால், உடலில் இரும்பு குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. தேவையில்லாமல் இரும்பை ஏற்றிக்கொண்டே போனால் அது கல்லீரலிலும் இதயத்திலும் படியக்கூடும். படிவம் நான்கு மாணவர்களுக்கு 2016ஆம் ஆண்டு முதல் தலசீமியா பரிசோதனை நடத்தப்பட்டு வருவது நினைவிருக்கலாம். ஊசிக்குப் பயந்து அந்த நாளில் பள்ளிக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். ஐயம் இருந்தால் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்லலாம். குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான். இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு சரியாக இருந்தாலும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவு குறைந்திருக்கலாம் என்பதை மருத்துவர் அறிவார். கால் குடைச்சலைப் பற்றி அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தாதுச்சத்துகள் ஒன்றோடொன்று போட்டியிடுபவை என்பதையும் புட்டியின் முகப்பு சொல்வதில்லை. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கினால், இரும்பு உடலில் சேர்வது குறைகிறது. துத்தநாகத்தை நீண்ட காலம் மிகுதியாக உண்டால் செம்புச்சத்து குறைகிறது. செம்பு குறைந்தால் இரத்தச்சோகை வருகிறது. மெக்னீசியம் மாத்திரை அளவு மீறினால் வயிற்றுப்போக்கு; சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவே முடியலாம். மாத்திரை வழியாகப் பெறும் மெக்னீசியம் ஒரு நாளைக்கு 350 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்காவில் வகுத்துள்ள வரம்பு.

உணவில் இத்தகைய தொல்லை குறைவு. கச்சாங் பூத்தே கடையில் விற்கும் கொண்டைக்கடலையிலும் நிலக்கடலையிலும் மெக்னீசியமும் இரும்பும் சேர்ந்தே இருக்கின்றன. பருப்பு, கீரை, தெம்பே ஆகியவற்றிலும் அவ்வாறே. நெல்லைத் தீட்டி வெள்ளையாக்கும்போது மெக்னீசியத்தின் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். காலையில் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் உண்டபடியே தே தாரிக் பருகுகிறோம். அந்தத் தேநீர், பருப்பிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, உணவோடு எலுமிச்சைச் சாறோ கொய்யாத் துண்டோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்கு சேரும். தாமான் கன்னாட்டில் புதன்கிழமை தோறும் கூடும் இரவுச் சந்தையில், மாத்திரைப் புட்டியின் விலைக்கு எத்தனை கொய்யா வாங்கலாம் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். ஜப்பானின் நாகசாகியில் நடந்த ஆய்வொன்றின் முடிவை 2017இல் அறிவித்தார்கள். நாளொன்றுக்கு உண்ட உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தவர்கள், இரவில் சிறுநீர் கழிக்க எழுவது 2.3 முறையிலிருந்து 1.4 முறையாகக் குறைந்ததாம். இதற்கு மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை. இரவு பதினொரு மணிக்கு உடனடி மீ சமைக்கும் வீடுகளுக்கு, தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளுக்கு இன்னும் மேலாக, இது பயன்படும் செய்தி.

மருந்தகத்தில் விற்பது பதிவு பெற்ற பொருள்தானே, தீங்கில்லை என்றால் உண்டுவிட்டுப் போகட்டுமே என்று வாதிடுவோர் உண்டு. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் இத்தகைய பொருள்களைப் பதிவு செய்கிறது என்பது உண்மை. புட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி எட்டு இலக்கங்களோடு ஓர் எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஆனால், உணவுத் துணைப்பொருளுக்கு அந்த எண் கிடைத்துவிட்டதால் மட்டும், அதை உண்டால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும் என்று பொருளாகாது. மேலும், மாத்திரை உண்டோம், இனிச் சரியாகிவிடும் என்று மூன்று மாதம் காத்திருக்கும் பெற்றோர், இரத்தப் பரிசோதனையை மூன்று மாதம் தள்ளிப்போடுகிறார்கள். நான் காணும் தீங்கு இதுவே.

இறுதியாக, எந்தத் தாதுச்சத்தாலும் ஈடுசெய்ய முடியாத ஒன்று உண்டு: உறங்கும் நேரம். 13 முதல் 18 வயது வரையிலானோருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. நம் மாணவர்களோ ஏழரை மணி வகுப்புக்காகப் பொழுது விடியுமுன்பே எழுகிறார்கள். 1982ஆம் ஆண்டின் முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் ஏழு மணியை ஒட்டியே உதிக்கிறது. கடிகாரத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால், இரவு பத்து மணிக்கு முடியும் கூடுதல் வகுப்பையும், அதன்பின் பருகும் காப்பியையும் மாற்ற முடியும். காப்பியிலுள்ள காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடலிலேயே இருக்கும். பிள்ளைக்கு மெக்னீசியம் வாங்கப் புறப்படும் பெற்றோர், முதலில் அந்த வாரத்தில் அவன் எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழுந்தான் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். கால் குடைச்சலோ நீங்காத களைப்போ இருந்தால் அதையும் எழுதட்டும். அந்தத் தாளோடு சுகாதார நிலையத்திற்குச் சென்றால், மருத்துவருக்கு வேலை எளிதாகும்.