ஊர்க் காவலுக்கு நகரும் ரேடார்: எங்கள் நிலைப்பாடு

மேற்கிலிருந்து மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் அனகாபுத்தூர் மொட்டை மாடிகளுக்கு மேலே சக்கரத்தை நீட்டியபடி போகும். அந்த நிமிடம் தறிச் சத்தம்கூடக் கேட்காது. ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். வான் பாதுகாப்பு எங்கள் கூரைக்கு மேல் நடக்கும் காரியம். சென்னைப் புறநகரைக் காக்க, ஓரிடத்தில் நட்டுவைக்கும் ரேடார்களைவிட லாரியில் நகரும் ரேடார்களையே அரசு முதன்மையாக நம்ப வேண்டும் என்பது எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் நிலைப்பாடு.

இங்கிருந்து கிழக்கே பார்த்தால் பல்லாவரம், திரிசூலம் குன்றுகள். அவற்றுக்குப் பின்னால் தாழப் பறப்பது நம் கண்ணுக்குத் தெரியாது, ரேடாருக்கும் தெரியாது. அலை நேராகப் போகிறது, பூமியோ வளைகிறது. 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆண்டெனா, 100 மீட்டர் உயரத்தில் வரும் விமானத்தைத் தடையற்ற சமவெளியில்கூட ஏறத்தாழ 54 கிலோமீட்டருக்குள்தான் பார்க்கும். குன்றும் அடுக்குமாடியும் மறித்தால் அதுவும் குறையும். நகரும் ரேடார் திறந்த இடத்தைத் தேடிப் போய் நிற்கும். நேற்று நின்ற இடத்தில் இன்று இல்லையென்றால் எதிரியும் குறிவைக்கத் திணறுவான்.

நகர்ந்தால் மட்டும் போதாது, உயரத்தையும் காட்ட வேண்டும். 2007 மார்ச் 26 அன்று இலங்கையின் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மீது விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் குண்டு வீசின. இலங்கையிடம் அப்போது இந்தியா தந்த இந்திரா ரேடார்கள் இருந்தன. அவை தூரத்தையும் திசையையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. வாங்கும் கருவி எந்த வகை என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டியதில்லை.

இன்று நம் நாட்டிலேயே உயரத்தையும் காட்டும் ரேடார்கள் உருவாகின்றன. ரோகிணி, அஸ்வினி, ஆருத்ரா என்று பஞ்சாங்கத்தில் பார்க்கும் பெயர்கள். ஆருத்ரா நம் திருவாதிரைதான். அஸ்வினிக்காக 2025 மார்ச்சில் பாரத் எலக்ட்ரானிக்ஸுடன் 2,906 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. வேகமான போர் விமானம் முதல் மெதுவாக வரும் டிரோன், ஹெலிகாப்டர் வரை பின்தொடரக்கூடியது அது. இதை முழு மனதோடு வரவேற்கிறோம்.

ஆனால் ரேடார் லாரி வந்து நின்றால் கதிர்வீச்சுப் பயம் எழும். அதை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. ஆண்டெனாவுக்கு மிக அருகில் அலையின் வலிமை அதிகம். தூரம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்காகக் குறையும். அப்படியானால் பாதுகாப்பான தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும். குடியிருப்புக்கு அருகே நிறுத்தும்போது அந்தத் தூரத்தைத் தாம்பரம் மாநகராட்சிக்கு எழுத்தில் தெரிவித்து, கயிறு கட்டி ஆள் நிறுத்த வேண்டும். கருவியின் திறனையோ அது போகும் பாதையையோ நாங்கள் கேட்கவில்லை. நகர்த்தக்கூடிய கருவிக்காகச் சுற்றியுள்ள வீடுகளின் உயரத்துக்கு நிரந்தரத் தடை விதிப்பதை மட்டும் ஏற்க மாட்டோம்.

நம் மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாலையில் ராணுவ லாரி ஆண்டெனாவோடு போவதைக் கண்டால் செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.