ரெண்டாவதுதானே!

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

தீவகத்தில் ஒருத்தி இரண்டாவது முறை கர்ப்பமானால் ஊரே ஒரு வசனம் சொல்லும்: "ரெண்டாவதுதானே, சுகமாப் பிறந்திடும்." தயவுசெய்து இனி இதைச் சொல்லாதீர்கள். நாலு பக்கமும் கடல் உள்ள ஊரில் இந்த வசனம் ஆறுதல் இல்லை, அலட்சியம்.

இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் விரைவாக நடக்கும் என்பது உண்மைதான். பிரசவ வலி முழுவேகம் பிடித்த பிறகு முதல் பிரசவம் வழமையாக 12 மணித்தியாலத்தையும், அடுத்தவை 10 மணித்தியாலத்தையும் தாண்டுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. அது மேல் எல்லை. பலருக்கு அதற்கு எவ்வளவோ முன்பே பிள்ளை கையில் வந்துவிடும். யாழ்ப்பாண டவுனில் இருப்பவளுக்கு அது அதிர்ஷ்டம். நெடுந்தீவில் இருப்பவளுக்கு அதுதான் ஆபத்து. குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று இன்னொரு நீண்ட ஓட்டம். பொழுதுபட்டால் பயணிகள் படகு இல்லை. வாடைக் காற்று எழும்பினால் பகலிலும் நிச்சயம் இல்லை. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், ஆனால் சில்லு பூட்டிய வண்டி கடலில் ஓடாது.

அதோடு, முதல் பிரசவம் விட்டுப்போன கணக்குகள் இரண்டாவதில்தான் தீர்க்கப்படும். முதல் பிள்ளை சிசேரியன் என்றால், அந்தத் தழும்பு வலியின்போது பிரியக்கூடும். அவளுக்குச் சத்திர சிகிச்சைக் கூடம் பக்கத்திலேயே வேண்டும். தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ், முதல் பிள்ளை பொசிட்டிவ் என்றால், 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி-டி ஊசி போடப்பட்டிருக்க வேண்டும். தவறினால் அடி விழுவது இரண்டாவது பிள்ளைக்கு. இரத்தப்போக்கோ முதலாவது, இரண்டாவது என்று பார்த்து வருவதில்லை.

இதனால்தான் திகதிக்கு முன்பே கரைக்குப் போய் இருக்கச் சொல்கிறார்கள். சரியான ஆலோசனை. படகில் பிள்ளை பெறுவது வீரக்கதை இல்லை. என் கேள்வி வேறு: போய் எங்கே இருப்பது? யார் செலவில்? முதல் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு?

டவுனில் சொந்தம் உள்ளவள் சொந்தக்காரர் வீட்டு மூலையில் வாரக்கணக்கில் இருப்பாள். இல்லாதவள் அறை வாடகை கொடுக்க வேண்டும். புருசன் கூடப் போனால் கடற்தொழில் நின்றுவிடும். போகாவிட்டால் அவள் தனி. என் இரண்டாவது பிரசவத்தில் வலியைவிட என்னை அழவைத்தது, அக்கரையில் விட்டுவந்த என் நாலு வயது மகள்தான். விடுதியில் அதைச் சொன்னபோதும் கிடைத்த பதில், "ரெண்டாவதுதானே, இன்னும் பழகேல்லையா?"

ஆசிரியராக நான் இதை வரவு இடாப்பிலும் பார்க்கிறேன். ஒழுங்காக வந்த பிள்ளை திடீரென்று ரெண்டு, மூன்று கிழமை வராது. கேட்டால், "அம்மா தம்பிப் பாப்பா எடுக்கப் போட்டா டீச்சர்." வந்தாலும் தலை இழுக்காமல், சாப்பிடாமல், வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கும். பிரசவம் இலவசம் என்கிறோம். அதன் கட்டணத்தில் ஒரு பங்கை ஆறு வயதுப் பிள்ளை கட்டுகிறது.

இந்த நாட்டுக்கு இது முடியாத காரியமா? 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது ஏறத்தாழ 30. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு வீட்டுப் படலைவரை நடந்துவந்த மருத்துவமாதுக்களுடையது. உதவி தாயைத் தேடிப் போனது, தாய் பிழைத்தாள். தீவுகளில் மட்டும் ஏன் தாய் உதவியைத் தேடிக் கடல் தாண்ட வேண்டும்?

"சனம் குறைவு, அதுக்கு நிபுணரை வைக்கேலாது" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். நெடுந்தீவுக்கு மகப்பேற்று நிபுணரை நான் கேட்கவில்லை. ஒரு வீடு கேட்கிறேன். கியூபா 1962இலேயே தூரத்துக் கிராமத் தாய்மாருக்கு வைத்தியசாலைக்குப் பக்கத்தில் காத்திருப்பு இல்லங்கள் தொடங்கியது. சனம் குறைவு என்றால் செலவும் குறைவுதானே?

கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுத் தாய்மாருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு காத்திருப்பு இல்லம். முதல் பிள்ளையும் துணைக்கு ஒருவரும் கூட இருக்கலாம், மூன்று நேரமும் சாப்பாடு. இரண்டு, இரவு பகல் எந்நேரமும் தயார் நிலையில், கூரையுள்ள, மருத்துவமாது கூட வரும் படகு. மூன்று, அந்த நாட்களில் முதல் பிள்ளை பக்கத்துப் பாடசாலையில் தற்காலிகமாக இருந்து படிக்க அனுமதி. இதற்குக் காசே தேவையில்லை, ஒரு கடிதம் போதும்.

கச்சதீவுத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோரைக் கடல் கடந்து கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறோம். நல்ல விசயம், அது தொடரவேண்டும். அந்த ஒழுங்கில் ஒரு துளி போதும் எங்கள் தாய்மாருக்கு.

மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் பேரீச்ச மரத்தடியில் தனியே வலியில் துடித்த வரலாறு நமக்குத் தெரியும். தண்ணீரும் பழமும் அவர் இருந்த இடத்துக்கே வந்தன. "எழும்பி ஊருக்குள் போ" என்று யாரும் சொல்லவில்லை.

லைக் வேண்டாம். அடுத்த பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர் யாராவது உங்கள் நட்பு வட்டத்தில் இருந்தால், இந்த மூன்றையும் அவர் கையில் எழுதிக் கொடுங்கள். பதில் என்ன என்று கேட்டு, அதைக் கீழே எழுதுங்கள்.