தேவதை என்றது போதும்

ஆகஸ்டு முதல் நாள் சிங்கப்பூரில் தாதியர் தினம். 1885ஆம் ஆண்டு அந்நாளில் பிரெஞ்சுக் கன்னிமாடத்துச் சகோதரிகள் பொது மருத்துவமனையில் பணியேற்றனர். அதன் நினைவாகவே அது கொண்டாடப்படுகிறது. அதனையொட்டி மாணவர் எழுதும் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்தி வருகிறேன். 'வெள்ளுடைத் தேவதை', 'கருணையின் வடிவம்', 'தியாகச் சுடர்' ஆகிய மூன்றும் இல்லாத கட்டுரை அரிது. குற்றம் மாணவருடையது அன்று; அவற்றைக் கற்பித்தவர் நாமே. இப்புகழ்மொழிகள் தாதியர்க்குச் செய்த நன்மையினும் தீமையே பெரிது என்பது என் கருத்து.

2003ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், மோல்மின் சாலையில் உள்ளது டான் டோக் செங் மருத்துவமனை. அவ்வாண்டு மார்ச்சு 22ஆம் நாள் அது சார்ஸ் நோய்க்கென்றே ஒதுக்கப்பட்டது. சில திங்களில் நாட்டில் 238 பேர் நோயுற்றனர். 33 பேர் மாண்டனர். நோயுற்றோருள் ஏறத்தாழ ஐந்தில் இருவர் மருத்துவப் பணியாளர். அவர்களுள் உயிர்நீத்தோர் ஐவர்: மருத்துவர் இருவர், தாதியதிகாரி ஒருவர், தாதி ஒருவர், சுகாதார உதவியாளர் ஒருவர்.

அந்நாளில் ஊர் என்ன செய்தது? சீருடையுடன் பேருந்தில் ஏறிய தாதியைக் கண்டு பக்கத்து இருக்கையினர் எழுந்து அகன்றனர். டாக்சி ஓட்டுநர் சிலர் ஏற்ற மறுத்தனர். பெற்ற பிள்ளையைத் தொடாமல் தனியறையில் உறங்கிய தாதியர் பலர். அறியாத நோய், அச்சம் இயல்பே என்பர். ஒப்புகிறேன். ஆயின் பதினேழு ஆண்டுகள் கழித்து, 2020இல் கோவிட் வந்தபோதும் அதே இழிவு திரும்பியதே! மார்ச்சு 30ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு அடுக்குமாடித் தாழ்வாரங்களில் நின்று கை தட்டினோம். அதே ஆண்டில்தான் சீருடை கண்டு ஒதுங்கியவர்களும் ஏசியவர்களும் இருந்தனர். தொலைவில் நின்று தொழுவதும் அருகில் வந்தால் விலகுவதும் ஒரே மனத்தின் இரு செயல்கள் அல்லவோ?

'தாதி' என்னும் சொல்லைத் தமிழாசிரியர் அறிவர். பழைய வழக்கில் அது செவிலித்தாயையும் குறிக்கும். ஏவல் மகளையும் குறிக்கும். மேடையில் முதற்பொருளைப் பேசி, படுக்கையருகே இரண்டாம் பொருளில் நடத்துகிறோம்.

தேவதைக்குப் பசியில்லை, உறக்கமில்லை, விடுப்பும் தேவையில்லை. தாதிக்கோ இவை அனைத்தும் வேண்டும். முகக்கவசமும் காப்பங்கியும் பூண்டு, வியர்வையில் நனைந்து, தண்ணீரும் குடியாமல் மணிக்கணக்கில் நின்ற உடல் அது. பிலிப்பீன்சிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் நம் தமிழகத்திலிருந்தும் வந்தவர்கள், எல்லைகள் மூடப்பட்டதால் பெற்றோர் முகம் காணாது தவித்தனர். நோய்ப்பரவலுக்கு முன் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மருத்துவப் பணியாளர் பதவி விலகியது வழக்கம். 2021இன் முதற்பாதியில் மட்டுமே சுமார் 1,500 பேர் விலகினர். இவர்களைத் 'தியாக உணர்வு குறைந்தவர்' எனச் சொல்லத் துணிவார் உளரோ?

தொண்டை ஊதியத்தால் அளப்பது இழிவு என்று வாதிடுவாரும் உளர். அவர்தம் ஊதியத்தை அவ்வாறு அளக்க விடமாட்டார். 2024இல் அரசு, நீண்டகாலம் பணியாற்றும் தாதியர்க்கு இருபது ஆண்டுகளில் ஒரு லட்சம் வெள்ளி வரை வழங்கும் திட்டத்தை அறிவித்தது. நல்லதே, பாராட்டுவோம். எனினும் பணம் ஓய்வாகாது. அடுத்த கொள்ளைநோய்க்கு முன்னரே, முறைப்பணிக்கு வேண்டிய மாற்று ஆட்கள், தடையின்றி எடுக்கும் விடுப்பு, மனம் உடைந்தவர் நாணமின்றிப் பேசத்தக்க ஆலோசகர் ஆகியவை ஆயத்தமாக இருத்தல் வேண்டும். வார்டில் தாதியை ஏசும் நோயாளியின் உறவினரைக் கண்டிக்க மேலதிகாரி முன்வரவும் வேண்டும்.

இவ்வாண்டு என் மாணவர்க்குக் கட்டுரைத் தலைப்பை மாற்றிவிட்டேன். தம் வீட்டிலோ அடுக்கிலோ உள்ள ஒரு தாதியிடம், கடைசியாக எப்போது விடுப்பு எடுத்தார், இரவுப்பணி முடிந்த பின் எத்தனை மணி நேரம் உறங்கினார் எனக் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி வரவேண்டும். 'தேவதை' என்ற சொல்லுக்கு மதிப்பெண் இல்லை என்பதையும் கரும்பலகையில் எழுதியுள்ளேன்.