கடலில் உழைப்பவனுக்குக் கூலி அளப்பவர் யார்?

கீழைத் தஞ்சையில் உழவுக் கூலி என்பது எவரும் இரங்கிக் கொடுத்ததன்று. எரிந்த உடல்களின் மேல் நின்று பெற்றது. நெற்கூலியைச் சிறிது கூட்டிக் கேட்ட குற்றத்திற்காக, 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் கருக்கப்பட்டன. அதன் பின்னரே அரசு கண்விழித்தது. கணபதியாப் பிள்ளை குழு அமைந்தது. 1969இல் கீழைத் தஞ்சை உழவுத் தொழிலாளர்க்கெனத் தனி ஞாயக்கூலிச் சட்டம் பிறந்தது. ஆனால், அச்சட்டத்தின் கை வயல் வரப்போடு நின்றுவிட்டது. அங்கிருந்து கிழக்கே நடந்தால் நாகைக் கடல்! அக்கடலில் விசைப்படகேறி வலையிழுக்கும் தமிழனுக்குக் கூலி எவ்வளவு? அளந்து சொல்வார் எவருமிலர்.

அவனைத் தொழிலாளி என்றே அழைப்பதில்லை, 'பங்காளி' என்கின்றனர். எத்துணை இனிய சொல்! எரியெண்ணெய்ச் செலவு, பனிக்கட்டிச் செலவு, உணவுச் செலவு எல்லாவற்றையும் முதலில் கழித்து, படகுக்கும் வலைக்கும் உரியதை உரிமையாளர் எடுத்தபின், எஞ்சியதைப் படகாட்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். மீன் படாவிட்டால் பகிர எதுவுமில்லை. படகில் அவனுக்கு ஓர் ஆணியும் சொந்தமில்லை; நட்டத்தில் மட்டும் பங்குண்டு. இதுவா பங்காண்மை? இலங்கைக் கடற்படை பிடித்துச் சிறையிலடைத்தால், அந்நாள்களுக்கும் பங்கில்லை.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள். 2023இல் அரசு அறிவித்த உயர்த்திய உதவித்தொகை குடும்பத்திற்கு 8,000 உருபா. வகுத்துப் பாருங்கள், ஒரு குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 131 உருபா! 2025-26இல் நூறு நாள் வேலையில் தமிழகத்தில் ஓர் ஆளுக்கு அறிவித்த நாட்கூலியே 336 உருபா. ஏரி தூர்வாரும் கைக்கும் கடலில் வலையிழுக்கும் கைக்கும் இத்துணை வேறுபாடு ஏன்?

சரக்குக் கப்பலில் உழைப்பவர்க்கு உலகத் தொழிலாளர் அமைப்பு குறைந்தளவு ஊதியம் வரையறுக்கிறது. கடலோடிகளுக்கான 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. அவ்வுடன்படிக்கை மீன்பிடி படகுகளை வெளியே நிறுத்துகிறது. மீன்பிடிப்போர்க்கென 2007இல் தனி உடன்படிக்கை உருவாகி 2017இல் நடப்புக்கு வந்தது. திங்கள்தோறுமோ ஒழுங்கான இடைவெளியிலோ ஊதியம் கிடைக்க வழிசெய்க என்பது அதன் விதிகளுள் ஒன்று. தில்லி அதனை ஏற்கவில்லை. அதை ஏற்பதில் தில்லிக்கு என்ன இழப்போ!

பங்குமுறையே பழிக்கத்தக்கது என்பதன்று. ஐசுலாந்திலும் பங்குமுறைதான், ஆனால், மீன் குறைந்தாலும் அடிப்படைக் கூலி உறுதி என்று அங்குத் தொழிற்சங்க உடன்பாடு சொல்கிறது. இங்கோ, "நாங்களே கடனாளிகள்" என்பர் படகுக்காரர். உண்மைதான், ஏலத்தில் விலையை அடிக்கும் வணிகனிடம் அவர்களுள் பலர் சிக்கியுள்ளனர். அதற்காக, படகாளின் வயிற்றை அறுத்தா அக்கடனை அடைப்பது?

கடலேறும் ஒவ்வொரு நாளுக்கும் மீன் பட்டாலும் படாவிட்டாலும் அடிப்படைக் கூலி; அதற்கு மேலேதான் பங்கு. தடைக்காலத் தொகையும் அக்கூலியை ஒட்டியே கணக்கிடப்பட வேண்டும். படகைப் பதியும் ஏட்டிலேயே, ஏறும் ஆளின் பெயரும் கூலியும் பதியப்படட்டும்.