குடிக்காதவருக்கும் கல்லீரல் சுருங்கும்: 'கேஸ் டிரபுள்' என்று கடந்துபோகிறோமே, சரியா?

எங்கள் பெரியத்தா வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டவர் இல்லை. பல வருஷம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பினார். சர்க்கரை இருந்தது, தொப்பை இருந்தது, அடிக்கடி வயிறு உப்புசம். கேட்டால், "ஒண்ணும் இல்லப்பா, கேஸ்தான்" என்பார். மெடிக்கலில் கேஸுக்கு ஒரு மாத்திரை, முட்டிவலிக்கு ஒரு மாத்திரை. இப்படியே ரெண்டு வருஷம் ஓடியது.

ஒருநாள் விடியற்காலையில் வாந்தி எடுத்தார். வாஷ்பேசின் முழுக்க ரத்தம்.

மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பாரா?" என்பதுதான். பெரியம்மாவுக்கு ரத்தத்தைப் பார்த்த பயத்தைவிட அந்தக் கேள்வி கொடுத்த அவமானம் பெரிசு. வந்திருப்பது சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்கம் என்று தெரிந்ததும் குடும்பத்தில் எடுத்த முதல் முடிவு என்ன தெரியுமா? "வெளியில அல்சர்னு சொல்லுங்க."

இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே அந்த ஒரு வரிதான்.

கல்லீரல் நோய்க்கு வயிற்றில் ஏன் ரத்தம்?

பொங்கல் லீவு முடிந்து எல்லாரும் சென்னைக்குக் கிளம்பும் நாளில் திருமாந்துறை டோல்கேட்டைப் பார்த்திருக்கிறீர்களா? வண்டிகள் நகராது. கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்குப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் புகுந்துவிடுவார்கள். லாரியைத் தாங்கும் சாலைகளா அவை?

உடம்புக்குள்ளும் இதேதான் நடக்கிறது. இரைப்பை, குடல், மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் சிரை என்ற ஒரே பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. சிரோசிஸில் கல்லீரல் தழும்பேறி இறுகிவிடுவதால் ரத்தம் உள்ளே போக முடியாமல் அழுத்தம் ஏறுகிறது. வழி கிடைக்காத ரத்தம் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் இருக்கும் மெல்லிய நாளங்களுக்குள் பாய, அவை புடைத்து வீங்குகின்றன. டாக்டர்கள் 'வேரிசஸ்' என்று சொல்வது இதைத்தான். சிரோசிஸ் உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இது இருக்கிறது.

பிரச்னை என்னன்னா, இது வலிக்காது. உடைகிற வரைக்கும் தெரியவே தெரியாது. உடைந்தால், நல்ல சிகிச்சை கிடைத்தும்கூட ஆறு வாரத்துக்குள் 100 பேரில் 15 முதல் 20 பேர் வரை இறந்துபோகிறார்கள்.

ரத்தம் எப்போதும் வாந்தியாகத்தான் வரும் என்றில்லை. தார் மாதிரி கறுப்பாக, ஒட்டும்படி மலம் போனாலும் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். சிலருக்கு அழுத்தத்தால் இரைப்பையின் உள்சுவரே பாம்புத்தோல் மாதிரி திட்டுத்திட்டாக மாறி, மெல்ல மெல்லக் கசியும். வெளியே தெரிவது சோர்வும் ரத்தசோகையும் மட்டும்தான். சிரோசிஸ் நோயாளிகளுக்கு அல்சர் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். இதோடு வயிற்றில் நீர் கோத்துக்கொண்டால், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி ஆகிவிடும். அதைத்தான் நாம் 'கேஸ்' என்று பெயர் வைத்துத் தள்ளிப்போடுகிறோம்.

கவுன்டரில் வாங்கும் மாத்திரை

பெரியத்தா முட்டிவலிக்குப் போட்டது டைக்ளோஃபினாக் வகை மாத்திரை. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும், ரத்தக்கசிவைக் கூட்டும், சிரோசிஸ் உள்ளவரின் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும். சிரோசிஸ் இருப்பவர் இவற்றைத் தொடவே கூடாது. வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் பரவாயில்லை. பொதுவாக ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்ட விடமாட்டார்கள்.

கேஸ் மாத்திரையும் லேசுப்பட்டதில்லை. ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகளைத் தேவையில்லாமல் மாதக்கணக்கில் போட்டால், வயிற்றில் கோத்த நீரில் கிருமித்தொற்று வரும் ஆபத்து கூடலாம். அல்சர் என்று உறுதியானால் போடலாம். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று போடக்கூடாது.

"இன்னும் எத்தனை நாள் டாக்டர்?"

எல்லாக் குடும்பமும் கேட்கிற கேள்வி இது. பதில் ஒரே மாதிரி இருக்காது. ரத்த வாந்தி, வயிற்றில் நீர், மனக்குழப்பம், மஞ்சள் காமாலை என எதுவும் வராத நிலையில் இருப்பவர்களில் பாதிப் பேராவது 12 வருஷத்துக்கு மேல் வாழ்கிறார்கள். இவற்றில் ஒன்று வந்துவிட்டால், அதே கணக்கு சுமார் 2 வருஷமாகச் சுருங்குகிறது என்று பழைய ஆய்வுகள் சொல்கின்றன. 12 எங்கே, 2 எங்கே! இந்த இடைவெளியில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

டாக்டர்கள் 'சைல்டு-பியூ' என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள். பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மனக்குழப்பம் என ஐந்து விஷயங்களைப் பார்த்து 5 முதல் 15 வரை கொடுப்பார்கள். 5-6 என்றால் ஏ, 7-9 என்றால் பி, 10-க்கு மேல் சி. ரிப்போர்ட் கையில் இருந்தால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நல்ல செய்தியும் இருக்கு. இந்த மதிப்பெண் ஒரு பக்கமாக மட்டும் நகர்வதில்லை. காரணத்தை நிறுத்தினால் சிலருக்கு 'சி' நிலையிலிருந்துகூட இறங்கி வருகிறது. குடிப்பவர் முழுசாக நிறுத்தினாலும், ஹெபடைடிஸ் பி உள்ளவர் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரையை விடாமல் எடுத்தாலும் இது நடக்கிறது.

'மெடிக்கல் அன்ஃபிட்'டோடு கதை முடியுதா?

இனி நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். வளைகுடா விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி இருந்தால் 'அன்ஃபிட்'. வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அந்தச் சீட்டோடு திரும்பி வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் நடக்கிற பேச்சு முழுக்க ஏஜென்டுக்குக் கொடுத்த பணம், போன விசா, அடுத்து என்ன வேலை என்பதுதான். கல்லீரலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் அந்தச் சீட்டு சொல்வது பெரிய விஷயம். 'உன் கல்லீரலில் ஒரு வைரஸ் இருக்கிறது, அது 20 வருஷம் சத்தம் போடாமல் இருக்கலாம்' என்று இலவசமாகக் கிடைத்த எச்சரிக்கை அது. எல்லாருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. ஆனால் எல்லாருக்கும் தொடர் பரிசோதனை தேவை. வீட்டில் இருப்பவர்களுக்கு டெஸ்ட்டும் தடுப்பூசியும் தேவை. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 'அன்ஃபிட்' என்று எழுதுகிற இடத்திலேயே, 'அடுத்து இந்த அரசு மருத்துவமனைக்குப் போ' என்று ஒரு வரி எழுதித் தரலாமே? அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதற்குப் பதிலாக நாம் என்ன செய்கிறோம்? கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறோம். இதற்குப் பின்னால் நிஜமான ஒரு வரலாறும் உண்டு. சென்னையில் தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லி வகைச் செடியை ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1988-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் அதில் பங்கேற்றவர். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்து போன்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. நம்ம ஊர் ஆய்வு என்பதில் பெருமைப்படலாம். அதை நம்பி டெனோஃபோவிரை நிறுத்தக் கூடாது.

குடிக்காதவருக்கு எப்படி?

பெரியத்தாவுக்குக் காரணம் வைரஸ் இல்லை. சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும்தான். 'ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு போட்டிருக்கு, எல்லாருக்கும்தானே இருக்கு' என்று நாம் சிரித்துக் கடக்கிறோமே, அதில் சிறு பங்கினருக்குத் தழும்பு ஏறிக்கொண்டே போகும். அது யாருக்கு என்று கண்டுபிடிக்க, 'ஃபிப்-4' என்ற எளிய கணக்கு போதும். வயசு, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் ஆகிய நாலும் இருந்தால் போனிலேயே போடலாம். 1.3-க்குக் கீழ் இருந்தால் பொதுவாக நிம்மதி. மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

2021 ஆகஸ்ட்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிறார்கள். அதே வீட்டில், அதே ஆளுக்கு, வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். இதற்குப் புது மெஷின் எதுவும் வேண்டாம்.

வீட்டில் சிரோசிஸ் நோயாளி இருந்தால்

* ரத்தம் வரும்வரை காத்திருக்காமல் எண்டோஸ்கோபி செய்யுங்கள். பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு மேலும், ஃபைப்ரோஸ்கேன் 20-க்குக் கீழும் இருந்தால் மட்டும் டாக்டர் அதைத் தள்ளிப்போடலாம்.
* நாளம் பெருத்திருந்தால் ரப்பர் பேண்ட் போடலாம், அல்லது கார்வெடிலால் போன்ற மாத்திரையால் அழுத்தத்தைக் குறைக்கலாம். 'பிபி இல்லையே, எதுக்கு பிபி மாத்திரை' என்று நிறுத்திவிடாதீர்கள்.
* நீர் கோத்திருந்தால் உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றுக்கும் லீவு. ஆனால் முட்டை, பருப்பு, மீனை நிறுத்தாதீர்கள். புரதத்தைக் குறைத்தால் தசைதான் கரையும்.
* ராத்திரி பட்டினி வேண்டாம், படுக்கும் முன் சின்னதாக ஏதாவது சாப்பிடட்டும். நோன்பு வைக்க ஆசைப்பட்டால் ஷஃபானிலேயே டாக்டரிடம் பேசுங்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது.
* பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, குழறல் பேச்சு, கறுப்பு மலம், காய்ச்சலோடு வயிற்றுவலி - இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. ரத்த வாந்தி என்றால் 108.

பெரியத்தாவுக்கு மூன்று முறை பேண்ட் போட்டார்கள். இப்போது எடை குறைத்து, மாத்திரை எடுத்து, அசருக்குப் பள்ளிக்கு நடந்து போய் வருகிறார். போன மாதம் தெருவில் ஒருவர், "என்ன பாய், அல்சர் சரியாச்சா?" என்று கேட்டாராம்.

"அல்சர் இல்ல, லிவரு. நீயும் போய் ஒரு டெஸ்ட் எடு" என்றாராம் பெரியத்தா.