ஹெம்ப் பூவுக்கான தடை குறித்து எங்கள் நிலைப்பாடு

2025 ஏப்ரல் 11 அன்று இத்தாலிய அரசு பிறப்பித்த பாதுகாப்பு அவசரச் சட்டம், ஜூன் 9-இல் நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு 80-ஆம் எண் சட்டமாகிவிட்டது. ஹெம்ப் பூவைத் தடை செய்யும் அதன் 18-ஆவது பிரிவு நமக்கு என்ன செய்திருக்கிறது என்பதை நம் உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பலர் விதைத்து முடித்த பிறகு வந்த தடை இது. எங்கள் ஹெம்ப் விவசாயிகள் சங்கம் என்ன சொல்கிறது என்று உறுப்பினர்களும் பத்திரிகையாளர்களும் தொடர்ந்து கேட்டு வருவதால் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

ஹெம்ப் பூவில் போதை தரும் டிஎச்சி எவ்வளவு இருக்கிறது என்று பாராமலே அதைப் போதைப்பொருளாக நடத்தும் 18-ஆவது பிரிவை எங்கள் சங்கம் ஏற்கவில்லை. அது நீக்கப்பட வேண்டும். அல்லது, குறைந்தபட்சம், டிஎச்சி அளவை அடிப்படையாக வைத்துத் திருத்தப்பட வேண்டும். "அல்லது" என்பதற்குப் பின் வரும் சொற்களைச் செயற்குழுவில் கணிசமானோர் விரும்பவில்லை. பேச்சுவார்த்தைக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் இசைந்தார்கள்.

நம் வயல்களில் நிற்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பட்டியலில் பதிவான ரகங்கள். ஹெம்ப் சாகுபடிக்கான இத்தாலியின் 2016-இன் 242-ஆம் எண் சட்டப்படி வயலில் டிஎச்சி 0.2 சதவீதத்தைத் தாண்டினாலும் 0.6 வரை விவசாயி மீது குற்றமில்லை. அதற்கு மேல் போனால்தான் பயிரைப் பறிமுதல் செய்யலாம். பச்சைப் பூவில் இருப்பதில் பெரும்பங்கு போதை தராத சிபிடியின் அமில வடிவம். டிஎச்சியும் பெரும்பாலும் அமில வடிவிலேயே இருக்கிறது. சூடு பட்டால்தான் அது டிஎச்சியாக மாறும். இதை நாங்கள் மறைக்கவில்லை. அந்த மாற்றத்தையும் சேர்த்து மொத்த டிஎச்சியைக் கணக்கிடும் முறை ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கிறது: அமிலத்தின் அளவை 0.877-ஆல் பெருக்கி டிஎச்சியோடு கூட்டுகிறார்கள். அந்தக் கணக்குப்படியே எங்கள் பூவை அளந்து பாருங்கள் என்கிறோம்.

எங்கள் கோபம் முழுக்க இந்த அளவீட்டைச் சுற்றித்தான். ஒரு ஹெம்ப் வயல் சட்டப்படியானதா என்று சோதிக்க வரும் அதிகாரி தண்டை வெட்டி எடுப்பதில்லை, விதையை எடுப்பதில்லை. ஐரோப்பிய விதிமுறைப்படி செடியின் 30 சென்டிமீட்டர் பகுதியை, குறைந்தது ஒரு பெண் பூங்கொத்தாவது அதில் இருக்கும்படி, வெட்டி எடுக்க வேண்டும். அதை உலர்த்தி, அரைத்து, அளந்துதான் வயலுக்குச் சான்று தருகிறார்கள். அதாவது நாங்கள் நேர்மையான விவசாயிகள் என்பதற்கு அரசு கேட்கும் ஆதாரமே பூதான். அதே பூவை, அதே செடியிலிருந்து, சான்று கிடைத்த பிறகு நாங்கள் உலர்த்தினால், அரைத்தால், வண்டியில் ஏற்றினால் போதைப்பொருள் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் பாய்கின்றன. அளவு சரியாக இருக்கிறது என்று அரசே எழுதித் தந்த தாள் கையில் இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் புதிய பிரிவு அளவைக் கேட்பதே இல்லை. எண்ணைப் பார்க்க மறுக்கும் சட்டத்தின் முன்னால் ஒரு விவசாயி எதைக் காட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொள்வான்?

இத்தாலிய உச்ச நீதிமன்றம்கூட இவ்வளவு தூரம் போகவில்லை. 2019 மே 30-இல் அதன் கூட்டு அமர்வு பூ விற்பனையைக் குற்றம் என்றபோது நாம் கடுமையாக எதிர்த்தோம். ஆனால் அந்தத் தீர்ப்பிலும் ஒரு வாசல் இருந்தது: நடைமுறையில் போதை தரும் தன்மை இல்லாத பொருளுக்குத் தண்டனை இல்லை. பூவைக் கையில் எடுத்துச் சோதிக்க வேண்டிய பொறுப்பை அது விட்டுவைத்தது. 18-ஆவது பிரிவு அந்த வாசலையும் சாத்திவிட்டது. காரணமாக அது சொல்வது, பூவை உட்கொள்பவரின் மனநிலை மாறிப் பொதுப் பாதுகாப்புக்கும் சாலைப் பாதுகாப்புக்கும் ஆபத்து வரலாம் என்பது. மனநிலையை மாற்றுவது டிஎச்சி. அதை அளக்க மறுத்துக்கொண்டே அதைப் பற்றி அஞ்சுவதாகச் சொல்வதை நாங்கள் நியாயமாக ஏற்க முடியாது.

காவலர்களால் ஹெம்ப் பூவையும் போதை தரும் கஞ்சாப் பூவையும் பிரித்தறிய முடியாது என்ற வாதத்துக்குப் பிரான்சிலேயே பதில் கிடைத்துவிட்டது. அங்கும் 2021 டிசம்பர் 30-இல் அரசு பச்சைப் பூவையும் இலையையும் நுகர்வோருக்கு விற்கத் தடை விதித்தது. 2022 டிசம்பர் 29-இல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்தது. டிஎச்சியை அளக்கும் விரைவுச் சோதனைகள் இருக்கின்றன, எனவே முழுத் தடை அளவுக்கு மீறியது என்பது அதன் முடிவு. அதற்கு முன்பே, 2020 நவம்பர் 19-இல், ஒரு உறுப்பு நாட்டில் சட்டப்படி தயாரான சிபிடியை, அது பூ உட்பட முழுச் செடியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும், உடல்நலத்துக்குத் தேவையான அளவை மீறி இன்னொரு நாடு தடுக்க முடியாது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியிருந்தது.

வேலையிழப்பு பற்றித் தனி அறிக்கை வரும். கார்மஞோலா முதல் கம்பானியா வரை ஹெம்ப் விளைந்த மண்ணின் நூற்றாண்டுகளைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும்.

18 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பனை கூடாது, ஆய்வகச் சான்று ஒட்டாத பொட்டலம் கூடாது என்பதில் எங்களுக்குள் வேறுபாடு இல்லை. பூவைப் புகைப்பதைப் பொறுத்தவரை, சங்கம் அதை ஊக்குவிப்பதாகவோ கண்டிப்பதாகவோ இந்த அறிக்கையைப் படிக்கக் கூடாது. தடையை மீறி விற்பனையைத் தொடருமாறு நாங்கள் யாரையும் கேட்கவில்லை. தொடர்பவர்களைக் குற்றவாளிகள் என்று அழைக்கவும் மாட்டோம்.

இந்த இலையுதிர்கால அறுவடைக்கு முன் வேளாண் அமைச்சகத்திடம் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்துப்பூர்வமான பதில் கேட்கிறோம்: சோதனையில் தேறிய வயலில் நிற்கும் பூவை விவசாயி என்ன செய்ய வேண்டும்? பதில் வரும்வரை விதைச் சான்றுச் சீட்டு, கொள்முதல் ரசீது, மாதிரி எடுத்த நாளின் பதிவு ஆகியவற்றை உறுப்பினர்கள் வயல்வாரியாகப் பாதுகாத்து, அவற்றின் நகலைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கவும். வழக்கை எதிர்கொள்ளும் எந்த உறுப்பினருக்கும் சங்கத்தின் வழக்கறிஞர்கள் கட்டணமின்றி வாதாடுவார்கள். இந்தத் தீர்மானத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றினோம்.