ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் பதிவேட்டை மக்கள் பார்வைக்கு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் உள்ளிட்ட மருத்துவம் சார்ந்த தொழில்முறையாளர்களைப் பதிவு செய்து முறைப்படுத்தும் சட்டம் 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் கவுன்சில் அமைக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் விசாரித்தபோது 14 மாநிலங்கள்தான் கவுன்சில் அமைத்திருந்தன. அவையும் சரிவர இயங்கவில்லை. இரண்டு மாதக் கெடு விதிக்கும் நிலைக்கு நீதிமன்றம் வந்தது. இத்தனைக்கும் டெல்லி 1997-லும் மகாராஷ்டிரம் 2002-லும் ஆக்குபேஷனல் தெரபியையும் பிசியோதெரபியையும் முறைப்படுத்தச் சட்டம் இயற்றிவிட்டன. பட்டம் முடித்தவர்களின் வேலைப் பிரச்சினையாகவே இந்தத் தாமதம் பேசப்படுகிறது. அதனால் அடிபடுபவர் நோயாளி என்பதே என் வாதம்.

ஓசூர் சிப்காட்டிலிருந்து கெலமங்கலம் வரை பிரஸ் மெஷினும் லேத்தும் ஓடும் பட்டறைகள் நிறைந்த பகுதி இது. விரல் போனால் எவ்வளவு என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணை கணக்கு வைத்திருக்கிறது: கட்டைவிரலுக்கு 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு. இழப்பீடு கிடைக்கும், சரி. மீதமுள்ள விரல்களால் ஸ்பேனரை எப்படிப் பிடிப்பது, சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவது, வண்டியின் கிளட்சை எப்படி அழுத்துவது? அந்தக் கைக்கு ஏற்ப ஸ்பிளின்ட் வார்த்து, பிடிமானத்தைப் படிப்படியாகப் பழக்கி, பழைய வேலைக்கோ வேறு வேலைக்கோ ஆளைத் தயார்செய்வதுதான் ஆக்குபேஷனல் தெரபி. பக்கவாதம் வந்தவர் ராகி களியைத் தன் கையால் உருட்டிச் சாப்பிடவும், ஆட்டிசம் உள்ள குழந்தை தானே உடை மாற்றவும் பயிற்சி தருவதும் இதே துறை. தவறாகக் கட்டிய ஸ்பிளின்ட் மூட்டை இறுக்கிவிடும். குழந்தையின் சிகிச்சையில் வீணான இரண்டு வருடம் திரும்ப வராது. ‘தெரபி சென்டர்’ என்று போர்டு மாட்டியிருப்பவர் பட்டப்படிப்பு முடித்தவரா, சில வாரப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவரா என்பதைப் பெற்றோர் எதைப் பார்த்து அறிவார்கள்?

பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரே, போதாதா என்பார்கள். தசைக்கு வலுவையும் மூட்டுக்கு அசைவையும் மீட்பது அவர் வேலை. அந்தக் கையை அன்றாடக் காரியத்துக்குப் பழக்குவது வேறு பயிற்சி. 2021-ன் சட்டமும் இரண்டையும் தனித்தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. பெங்களூர் பக்கத்தில்தானே என்பது அடுத்த வாதம். வாரம் இரண்டு மூன்று தடவை, மாதக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சை இது. தினக்கூலிக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளத்தை விட்டு எல்லை தாண்டிப் போக முடியுமா? இருக்கிற ஓரிரு மையங்களும் பதிவுக் கெடுபிடியால் மூடிவிடும் என்ற அச்சத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பதிவோடு அரசுப் பணியிடங்களும் சேர்ந்து வர வேண்டும் என்கிறேன். தகுதியில்லாதவரை விலக்கிவிட்டு அந்த இடத்தில் யாரையும் அமர்த்தாவிட்டால் நம் ஊருக்கு நன்மை இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வரும் அந்தத் திட்டத்தில், வட்டாரத்துக்கு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் அரசு சேர்க்க வேண்டும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஓசூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் இதற்கான பணியிடங்களை உருவாக்கி முறையாக நிரப்ப வேண்டும். பதிவு பெற்றவர்களின் பெயரும் பதிவெண்ணும், பெற்றோர் போனிலேயே சரிபார்க்கும்படி, தமிழில் வெளியிடப்பட வேண்டும். கெலமங்கலத்தில் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் நிறைய. அம்மொழிகளிலும் பட்டியல் இருந்தால் நல்லது. சுகாதாரத் துறை அமைச்சரும் நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் இதற்குத் தேதி குறித்துப் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கெலமங்கலம்.